கடைசி மிதிவண்டியின் வேகம்

நேர்ச்சை என்பது ஒருவர் இறைவனுக்குத் தனியாகக் கொடுக்கும் வாக்கு. யாத்திரையோ பெரும்பாலும் பலர் கூடிப் போகும் வழி. இவ்விரண்டும் சேருமிடத்தில் பழையதொரு கேள்வி எழுகிறது: தன் உடலை வருத்திச் செலுத்த வேண்டிய கடனை, உடன்வருபவரின் உடல் தாங்கும் அளவுக்கு ஒருவர் குறைத்துக்கொள்ளலாமா, அல்லது அவ்வாறு குறைத்துக்கொள்வதும் அக்கடனின் ஒரு பகுதிதானா? நடைப்பயணத்தில் இக்கேள்வி அவ்வளவு கூர்மையாகத் தென்படுவதில்லை. வலியவரின் நடைக்கும் மெலியவரின் நடைக்கும் மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் வேறுபாடு. மிதிவண்டியிலோ, காலை ஐந்து மணிக்கு ஒன்றாகச் செபம் சொல்லிப் புறப்பட்ட இருவர் ஏழு மணிக்குள் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியாத தொலைவில் பிரிந்துவிட முடியும். ஆகவே கூட்டு மிதிவண்டி யாத்திரையில் வேகம் உடற்பயிற்சி பற்றிய செய்தியாக மட்டும் நில்லாமல், அறம் பற்றிய கேள்வியாகவும் மாறிவிடுகிறது.

இக்கேள்வியை ஆராய்வதற்குப் புதுச்சேரியின் ஊர்ப்புறம் பொருத்தமான களம். வில்லியனூர், பாகூர் ஆகியவை கொம்யூன்கள்; கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சி இங்கே விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவின் பெயர். வில்லியனூரில் 1877இல் தோன்றிய லூர்து மாதா திருத்தலமும், அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய திருக்காமீசுவரர் கோயிலும் ஒரே ஊரில் அமைந்துள்ளன. பாகூரில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த மூலநாதர் கோயிலும், சுற்றுவட்டார வயல்களுக்கு நீர் தரும் பெரிய ஏரியும் உள்ளன. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 அன்று வேளாங்கண்ணிப் பேராலயத்தில் கொடியேறி, செப்டம்பர் 8 அன்று மாதாவின் பிறப்பு விழாவோடு நிறைவுறும் நாள்களை ஒட்டி, சென்னை முதல் கடலூர் வரையுள்ள ஊர்களிலிருந்து காவி உடுத்தவர்கள் நடந்தும் மிதிவண்டியிலும் தெற்கே செல்கிறார்கள். வில்லியனூரிலிருந்து பாகூர் வழியாகத் தென்பெண்ணையைத் தாண்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று சென்றால் வேளாங்கண்ணி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இந்த ஒரே சாலை தில்லைக் கூத்தனின் ஊரையும், ஞானசம்பந்தர் பிறந்த ஊரையும், கயிலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்த அம்மையாரின் ஊரையும், சாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கிய தர்காவையும் தொட்டுக்கொண்டு போகிறது. யாத்திரை என்பதன் பொருளை எண்ணிப்பார்க்க விரும்புபவருக்கு இதைவிடச் செறிவான சாலை தமிழகக் கடற்கரையில் கிடைப்பது அரிது.

உடலை வருத்துவதன் பொருள் என்ன என்பதற்குத் தமிழில் கிடைக்கும் மிகக் கச்சிதமான விடை திருக்குறளின் ‘தவம்’ என்னும் அதிகாரத்தின் முதல் குறளில் உள்ளது. தனக்கு நேரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதும், பிற உயிர்க்குத் துன்பம் செய்யாதிருப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே தவத்தின் வடிவம் என்று வள்ளுவர் வரையறுக்கிறார். தவத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. பசி, வெயில், முழங்கால் வலி, கால் கொப்புளம் ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை, பிறரிடம் சொல்லிக்கொள்ளவும் கூடியவை. பிறரை வருத்தாதிருந்தது எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் வரையறையில் இரண்டாம் பாதி ஒட்டுச்சேர்க்கையாக வரவில்லை, முதல் பாதிக்குச் சமமான எடையோடு வருகிறது. முன்னே செல்பவர் தம் துன்பத்தை முழுமையாகப் பொறுத்துக்கொண்டு, அந்தப் பொறுமையாலேயே பின்னே வருபவரை மூச்சுத் திணறச் செய்தால், அங்கே நடந்தது பாதித் தவம்தான் என்று சொல்ல இடமிருக்கிறது. கண்டிப்பான வாசிப்பில், அது தவமே அன்று.

பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயமும் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. அது தவத்தை மூன்றாகப் பிரிக்கிறது: பயன் கருதாமல் சிரத்தையோடு செய்வது சாத்துவிகம், மதிப்பும் புகழும் நாடிச் செய்வது ராஜசம், மூடப் பிடிவாதத்தால் தன்னை வதைத்தோ பிறரைக் கெடுக்கவோ செய்வது தாமசம். வில்லியனூர்ச் சாலையில் காவித் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முந்திப் போகும் இளைஞரிடம் இம்மூன்றும் ஒரே காலையில் மாறி மாறி எழக்கூடும் என்பதை எந்தக் குழுத்தலைவரும் அறிவார். உடலை இழிவென்று எண்ணாமல் பேண வேண்டும் என்னும் கொள்கையைத் திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் வற்புறுத்துகிறார். உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் உடலைக் காப்பதே வழிபாடாகிவிட்டது என்பது அங்கே அவர் அடையும் முடிவு. 1910இல் புதுச்சேரிக்கு வந்து இறுதிவரை இங்கேயே வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரும், உலகத்தையும் உடலையும் தள்ளிவிடும் துறவியின் மறுப்பைத் தம் ‘தெய்விக வாழ்க்கை’ நூலில் தனி இயலாகவே எடுத்து ஆராய்ந்தவர். இவர்களுடைய மெய்யியல்கள் ஒன்றல்ல. எனினும் உடலை உடைப்பதையே பக்தியின் அளவுகோலாக்க இவர்களுள் எவரும் ஒப்பவில்லை.

இந்த நோக்கில் பார்க்கும்போது, புறப்பாட்டுக்கு முந்தைய ஆயத்தம் யாத்திரைக்கு வெளியே நிற்கும் ஏற்பாடாகத் தோன்றுவதில்லை. சபரிமலைக்கு மாலை அணிபவர் 41 நாள் விரதம் காக்கிறார். அந்த நாள்களும் யாத்திரையாகவே எண்ணப்படுகின்றன, மலையேறும் நாள் அவற்றின் முடிவு மட்டுமே. வேளாங்கண்ணிக்கு மிதிவண்டியில் செல்பவருக்கும் ஆறு முதல் எட்டு வாரம் வரை இத்தகைய காலம் தேவைப்படுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம் மிதித்து, வாரக்கடைசியில் மட்டும் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரே மூச்சில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் போய்ப் பழகிய உடலுக்கு, 160 கிலோமீட்டரை இரண்டு நாளாகப் பகுத்துச் செல்வது கடினமன்று. இந்தப் பழக்கத்தில் தசைகள் வலுப்பெறுவதைவிட முக்கியமான மாற்றங்கள் நிகழ்கின்றன: இருக்கையில் அமரும் எலும்புகளைச் சுற்றியுள்ள தோலும் சதையும் அழுத்தத்துக்குப் பழகுகின்றன, உள்ளங்கை மரத்துப்போகாமல் ஹாண்டில்பாரைப் பிடிக்கும் முறை பிடிபடுகிறது, கொழுப்பை எரித்து நெடுநேரம் இயங்க உடல் கற்றுக்கொள்கிறது. கடைசி வாரத்தில் மிதிப்பதைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தர வேண்டும். அந்த வாரத்தில் அச்சத்தால் கூடுதலாக மிதிப்பவர் களைப்போடு புறப்படுகிறார்.

வண்டியின் ஆயத்தமும் இதே வகையைச் சேர்ந்தது. யாத்திரைக்கு வருபவரில் பலரிடம் இருப்பது அன்றாடம் வயலுக்கும் கடைக்கும் ஓடும் கனத்த இரும்புச் சைக்கிள்தான், அதுவே போதும். ஆனால் சீட்டின் உயரம் சரியாக இருக்க வேண்டும்: அமர்ந்தபடி குதிகாலை மிதியின் மேல் வைத்து அதைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்தால் கால் வளையாமல் நீள வேண்டும், அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கும். சீட்டு இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தால் பாகூர் வரை ஒன்றும் தெரியாது. சிதம்பரத்துக்குள் முழங்காலின் முன்புறம் வலிக்கத் தொடங்கும். செயினுக்கு எண்ணெய், பிரேக் கட்டை, டயரின் காற்று, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு மாற்று டியூப், பம்பு, பின்னே சிவப்பு விளக்கு ஆகியவற்றை முந்தின வாரமே பார்த்துவிடாதவரால் நின்றுபோவது அவர் ஒருவர் மட்டுமல்லர். இருபது பேர் கொண்ட குழுவில் ஒரு வண்டியின் தேய்ந்த டயர் இருபது பேரின் காலைக் குளிர்ச்சியைத் தின்றுவிடும். ஆயத்தம் பிறர்மேல் காட்டும் அன்பின் முன்கூட்டிய வடிவம் என்று கூறத்தக்கது இதனால்தான்.

உணவைப் பற்றி ஒரு சமயச் சிக்கல் உண்டு. நேர்ச்சைக்காரர் சிலர் பயணம் முழுவதும் ஒருவேளை உண்டு போவதையோ, தண்ணீரைக்கூடக் குறைப்பதையோ ஒறுத்தலாக மேற்கொள்கிறார்கள். ஒறுத்தல் என்பது தமிழ்க் கத்தோலிக்கர் தன்னடக்கத் தவத்துக்கு வழங்கும் சொல். உடலின் கணக்கு இதற்கு இடம் கொடுப்பதில்லை. கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரைதான். மணிக்கணக்கில் மிதிப்பவர் இடையில் உண்ணாவிட்டால் அது தீர்ந்து, கால் கனத்து, தலை சுற்றி, சாலையில் எதிர்வரும் லாரியின் தொலைவைக்கூடக் கணிக்க முடியாத நிலை வந்துவிடும். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்தே. உப்பிட்ட நீர்மோர், கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம், கடலைமிட்டாய், இளநீர் என்று வழியெங்கும் கிடைப்பவற்றைப் பசிக்கு முன்பே சிறிது சிறிதாக உட்கொள்வது போதுமானது. நோன்பு வீட்டில் இருந்து நோற்பதற்குரியது. நெடுஞ்சாலையில் மயங்கி விழும் நோன்பு, வள்ளுவர் சொன்ன இரண்டாம் பாதியை மீறிவிடுகிறது.

பசிக்கு முன் உண், தாகத்துக்கு முன் குடி என்னும் இந்த நெறியை மிதிவண்டிக்காரருக்கென வகுத்தவர்களில் புகழ்பெற்றவர், வெலோசியோ என்னும் புனைபெயரால் அறியப்பட்ட பால் த விவி (1853–1930) என்ற பிரெஞ்சுக்காரர். அவர் வகுத்த ஏழு விதிகளில் ஆறாவது, தன் வலிமைக்கு உட்பட்டே செல்ல வேண்டும், சிறப்பாக வலிமை ததும்பி நிற்பதாகத் தோன்றும் முதல் மணி நேரங்களில் அதைச் செலவழித்துவிடக் கூடாது என்பது. ஏழாவது, தற்பெருமைக்காக ஒருபோதும் மிதிக்கக் கூடாது என்பது. உடற்பயிற்சிக்கான குறிப்புகள் அகந்தை பற்றிய எச்சரிக்கையில் போய் முடிவது தற்செயலன்று. முதல் மணி நேரத்தில் வேகத்தைக் கூட்டுவது பெரும்பாலும் கால் அன்று, அகந்தையே.

வேகத்தை யார் நிர்ணயிப்பது என்பதில் பிரெஞ்சு மிதிவண்டி மரபுக்குள்ளேயே ஆழ்ந்த பிளவு ஒன்று நேர்ந்திருக்கிறது. 1954 வரை பிரான்சின் ஆட்சியில் இருந்த மண்ணில் அதை நினைவுகூர்வது பொருந்தும். தூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ரான்ஷ், 1904இல் ‘ஓதாக்ஸ்’ என்னும் நெடும்பயண முறையைப் பிரான்சில் அறிமுகப்படுத்தினார். அதில் வழித்தலைவர் ஒருவர் முன்னே சென்று வேகத்தைக் கட்டுப்படுத்துவார். எவரும் அவரைத் தாண்டக் கூடாது. எல்லாரும் ஒரே கூட்டமாகப் புறப்பட்டு ஒரே கூட்டமாக வந்து சேர்வார்கள். அம்முறைப் பயணங்களில் இன்று வழக்கமான வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர். 1921இல் ஏற்பட்ட பிணக்குக்குப் பின் பாரிஸ் ஓதாக்ஸ் கழகம் வேறொரு முறையை ஏற்றது. அதில் ஒவ்வொருவரும் தம் விருப்பமான வேகத்தில் போகலாம், வரையறுத்த கால எல்லைக்குள் சோதனைச் சாவடிகளைக் கடந்து சேர்ந்தால் போதும். 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் என்பன அந்த எல்லைகள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் நடக்கும் ‘பிரெவே’ பயணங்கள் இந்த இரண்டாம் மரபைச் சேர்ந்தவை. இரண்டிலும் முதலாமவர், இரண்டாமவர் என்ற வரிசை கிடையாது. ஆயினும் முதல் முறை கூட்டத்தை ஓர் உடலாகவும், இரண்டாவது முறை கூட்டத்தை ஒரே வழியில் செல்லும் தனி உடல்களாகவும் கருதுகிறது.

இரண்டாம் முறைக்கு ஆதரவான மெய்யியல் வாதம் வலுவானது. ஒவ்வோர் உடலுக்கும் இயல்பான தாளம் ஒன்று உண்டு. அதற்கு மேலே போவது களைப்பைத் தருவதுபோல், அதற்கு மிகக் கீழே போவதும் சீட்டில் கழியும் நேரத்தை நீட்டித்து வலியைத் தருகிறது. பிறர் கடமையைச் செவ்வனே செய்வதைவிடத் தன் கடமையைக் குறைவாகச் செய்வது மேல் என்னும் கீதையின் சுவதர்மக் கொள்கையை இங்கே எடுத்துக்காட்டி, தன் வேகமே தன் தர்மம் என்று ஒருவர் வாதிடலாம். முக்திப் பாதையில் எவரும் எவரையும் சுமந்து செல்ல இயலாது என்பதும் பல நெறிகள் ஒப்புக்கொள்வதே.

ஆனால் இந்த வாதம் மறைத்துவிடும் ஒன்றை வழியோரத் தேநீர்க் கடையில் நேராகவே பார்க்கலாம். முந்தி வந்த பத்துப் பேர் வேப்பமர நிழலில் கால் நீட்டி அமர்ந்து, தேநீர் குடித்து, கண்ணாடிக் குவளைகளைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். கடைசி வண்டி வந்து சேரும். அதில் வந்தவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, இன்னும் ஸ்டாண்டுகூடப் போடாத நிலையில், “சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்” என்று குரல் எழும். காத்திருந்தவர்கள் தாங்கள் கருணை காட்டியதாகவே நம்புகிறார்கள். உண்மையில் ஓய்வு முழுவதையும் வலியவர்கள் எடுத்துக்கொண்டு, மெலியவருக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. இதைக் கணக்கிட்டும் காணலாம். மணிக்கு 18 கிலோமீட்டர் செல்பவர் 20 கிலோமீட்டரை 67 நிமிடத்தில் கடக்கிறார், 15 கிலோமீட்டர் செல்பவருக்கு 80 நிமிடம் ஆகிறது; ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்னவருக்கு 13 நிமிட ஓய்வு, பின்னவருக்கு ஓய்வே இல்லை. வேளாங்கண்ணி வரை எட்டு நிறுத்தங்களில் இந்த வேறுபாடு ஒன்றே முக்கால் மணி நேரமாகிறது. காத்திருத்தலும் சேர்ந்து செல்லுதலும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எதிர்க்காற்று இந்த ஏற்றத்தாழ்வை இன்னும் கூர்மையாக்குகிறது. காற்றுத்தடையை வெல்லத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது; அதாவது காற்றசைவில்லாத வேளையில் 15 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 18 ஆக உயர்த்தினால், அந்தப் பங்குக்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 73 விழுக்காடு கூடுகிறது. பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும்போது தெற்கே செல்பவர் அதை முகத்தில் வாங்கிக்கொண்டே மிதிக்க வேண்டியிருக்கிறது. அவ்வேளையில் முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னே ஒட்டிச் செல்பவருக்குக் காற்றின் சுமை கணிசமாகக் குறைகிறது. இடைவெளி விட்டுப் பின்தங்கியவருக்கோ அந்த மறைப்பு கிடைப்பதில்லை. ஆகவே வலியவர் விலகிப் போகும்போது மெலியவர் துணையை மட்டுமல்லாமல், காற்றுக்கு எதிரான சுவரையும் இழக்கிறார். வலிமை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு, பரங்கிப்பேட்டைப் பக்கத்து வெளிச்சாலையில் மாலை நான்கு மணிக் காற்று ஒரு விடையை வைத்திருக்கிறது: முன்னே நின்று காற்றை வாங்கிக்கொள்வதற்காக.

விவிலியத்தின் தொடக்க நூல் 33ஆம் அதிகாரத்தில் இப்பொருள் பற்றிய மிக நுண்ணிய காட்சி ஒன்று உள்ளது. பல்லாண்டுப் பகைக்குப் பின் ஏசா தம் தம்பி யாக்கோபை நானூறு ஆட்களோடு வந்து சந்தித்து, தழுவி அழுது, இனிச் சேர்ந்தே பயணம் செய்யலாம் என்று அழைக்கிறார். யாக்கோபு இணங்குவதில்லை. பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகள் கன்றுகளோடும் குட்டிகளோடும் இருக்கின்றன, ஒருநாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை முழுதும் மாண்டுவிடும் என்று சொல்லி, கால்நடைகளின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்ப மெல்லப் பின்னே வருவதாக அவர் விடைகொடுக்கிறார். இதற்கு முந்தைய இரவில்தான் அவர் இறைத்தூதரோடு போராடி இடுப்புச் சந்து சுளுக்கி, நொண்டிக்கொண்டு விடியலைக் கண்டிருந்தார் என்பதை வாசகர் மறந்துவிடக் கூடாது. தாமே நொண்டும் ஒருவர்தான் கூட்டத்தின் வேகத்தைச் சரியாகக் கணிக்கிறார். ஆறாம் நூற்றாண்டில் துறவு மடங்களுக்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்ட், மடத்தலைவருக்குரிய அறிவுரையில் யாக்கோபின் இந்தச் சொற்களையே எடுத்தாண்டு, வலியவருக்கு முயல இடமிருக்க வேண்டும், மெலியவர் ஓடிவிட நேரக்கூடாது என்ற இரட்டை அளவைத் தருகிறார். வேகம் பற்றிய நெறி ஆன்மிகத் தலைமைக்கான நெறியாகிவிட்டது.

இதற்கு நேர் எதிரானதுபோல் தோன்றும் பயணம் மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில் வருகிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துத் தீமிதி நடத்தும் இந்த வட்டாரத்துக்கு அக்கதை அயலானதன்று. பாண்டவர் வடதிசை நோக்கி நடக்கையில் திரௌபதி, சகதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என்று ஒவ்வொருவராக விழ, தருமன் காரணத்தை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்கிறான். வீடுபேற்றை நோக்கிய பயணத்தில் பின்தங்கியவருக்காக நிற்கலாகாது என்பதற்கு இதையே சான்றாகக் கொள்வோர் உண்டு. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு இந்திரனின் தேரில் ஏற அவன் மறுக்கிறான். பின்னர் நரகத்தில் உடன்பிறந்தாரின் குரலைக் கேட்டு, சொர்க்கத்தைத் துறந்து அவர்களோடு அங்கேயே இருப்பதாகச் சொல்கிறான். திரும்பிப் பாராமல் நடந்தவனைக் காவியம் அவ்வாறே கரையேற்றிவிடாமல், இரண்டு முறை நிறுத்தி, திரும்பிப் பார்க்கக் கற்பித்த பிறகே ஏற்றுக்கொள்கிறது. தனியாக வந்து சேர்வது சேர்தலாகுமா என்ற ஐயத்தைப் பாரதம் இறுதிவரை விடாமல் வைத்திருக்கிறது என்பதே இதற்குப் பொருத்தமான வாசிப்பு.

வில்லியனூர் மக்கள் கூட்டத்தின் வேகத்தை ஆண்டுதோறும் கண்முன் காண்கிறார்கள். திருக்காமீசுவரர் கோயில் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் முன்வந்து பிடித்த வழக்கம் துணைநிலை ஆளுநர் காலத்திலும் தொடர்கிறது. வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர். எனினும் தேரின் வேகத்தை முடிவு செய்பவர்கள் இழுப்பவர்கள் அல்லர். சக்கரத்தின் அருகிலேயே நடந்து முட்டுக்கட்டை கொடுப்பவர்கள்தான். அவர்கள் கட்டையை வைக்கும் கணத்தில் அத்தனை பேரின் வலிமையும் அடங்கி நிற்கிறது. மிதிவண்டிக் குழுவுக்கு வேண்டியதும் இத்தகைய ஒருவரே. அவர் அனுபவம் மிக்கவராக, கடைசி வண்டிக்குப் பின்னே செல்பவராக இருக்க வேண்டும். முன்னே செல்பவர் அவருடைய விசிலுக்குக் கட்டுப்பட வேண்டும். குழுவில் மிக மெதுவானவரை முன்வரிசையில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ அமர்த்தினால் காற்று மறைப்பும் அவருக்குக் கிடைக்கும், வேகமும் தானாகவே அவருக்கு இணங்கிவிடும். மிதித்துக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே அவருடைய வேகத்தைச் சோதிக்கும் எளிய வழி. செபமாலை சொல்லிக்கொண்டு செல்லும் குழுவில், மறுமொழி கூறும் குரல்கள் இடையில் அறுந்தால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். செபமே அளவுகோலாகிவிடும் இந்த ஏற்பாடு வேறெந்தக் கருவியும் தராத துல்லியம் உடையது.

இவ்வாறு கூறுவதால் மெலியவருக்குக் கடமை இல்லை என்றாகாது. தம் நோயை மறைத்துப் புறப்படுபவர், பயிற்சிக்கு வராமல் பக்தி கொண்டு சேர்த்துவிடும் என்று நம்புபவர், களைப்பைச் சொல்ல வெட்கப்பட்டு விழும்வரை மிதிப்பவர் ஆகியோர் பிறருடைய அன்பின்மேல் உரிய அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுகிறார்கள். உண்மை பேசுதல் இங்கே உடலைப் பற்றிய உண்மையைப் பேசுவதாகிறது. வலியவரின் தவம் அடக்கத்தில் இருக்கிறது என்றால், மெலியவரின் தவம் ஆயத்தத்திலும் ஒப்புக்கொள்ளுதலிலும் இருக்கிறது. இவற்றுள் எது கடினம் என்று வெளியிலிருந்து எவரும் சொல்லிவிட முடியாது. இருபது வயதில் பத்து மணி நேரம் தன் கால்களை அடக்கிக்கொண்டு செல்வதும், ஐம்பது வயதில் “என்னால் முடியவில்லை, நிற்கலாம்” என்று வாய்விட்டுச் சொல்வதும் தத்தம் வகையில் பெரிய ஒறுத்தல்களே.

எஞ்சியிருப்பது, முடியாமல் போனவரின் நேர்ச்சை என்னவாகும் என்ற கேள்வி. சீர்காழியில் இறங்கிப் பின்னே வரும் வேனில் ஏறிக்கொள்பவர் கடன்பட்டவராகவே திரும்புகிறாரா? கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இதற்கு எதிர்பாராத மென்மையோடு விடை தருகிறது. அதன் 1191ஆம் விதிப்படி நேர்ச்சை என்பது இயலக்கூடிய, மேலான நன்மை ஒன்றைக் குறித்து இறைவனுக்குக் கொடுக்கும் வாக்கு. இயலாததை வாக்களிப்பது நேர்ச்சையின் இலக்கணத்துக்குள் அடங்குவதில்லை. 1193ஆம் விதி, நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது. ஆகவே கொடியேற்றத்துக்கு முன் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஒருவரின் வாக்கு, உடன்வருபவரின் கால்களை விரட்டும் உரிமையை அவருக்குத் தருவதில்லை. 1197ஆம் விதி, தனி நேர்ச்சை செய்தவர் தாம் வாக்களித்ததை அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான நன்மையாக மாற்றிக்கொள்ள இடமளிக்கிறது. நாகூர் தாண்டியதும், மாலைத் திருப்பலிக்கு நேரமாகிறது என்று முன்னே பறந்துவிட எண்ணிய இளைஞர், செயின் அறுந்து நிற்கும் தோழரின் வண்டிக்கு அருகே இறங்கி நின்றுவிட்டால், அவர் தம் வாக்கை மீறியவர் ஆகமாட்டார். அதை மேலான ஒன்றாக மாற்றிக்கொண்டவர் ஆகிறார். வேனில் ஏறியவரும் அவ்வாறே தம் நேர்ச்சையை மாற்றி, வீடு திரும்பியபின் தம்மால் இயன்ற வேறொரு வழியில் நிறைவேற்றலாம். இந்த மூன்று விதிகளையும் குழுத்தலைவர் வில்லியனூரிலேயே, புறப்படுவதற்கு முன், டயர்களில் காற்றைச் சோதிக்கும் வேளையில் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட வேண்டும். நிற்க உரிமை உண்டு என்பதைச் சீர்காழியில் மூச்சு வாங்கும்போது முதன்முறையாகக் கேட்பவரால் அதை நம்ப முடிவதில்லை.